50 வலயத்தில 65 எண்டு வேக ரிக்கெற்: கட்டுறதா, கோட்டுக்குப் போறதா?

வைகறை எழுதினது:

வணக்கம். ஒன்ராறியோவில வேக ரிக்கெற்றை எதிர்த்துக் கோட்டுக்குப் போன ஆக்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ.

அம்மாவைக் கோயிலால கூட்டிக்கொண்டு வரேக்க ஏஜக்ஸ் பக்கம் பொலிஸ் மறிச்சுது. மணிக்கு 50 கிலோமீற்றர் வலயம். "லேசரில 79 எண்டு பிடிச்சனான், உங்கட ரெக்கோர்ட் சுத்தமா இருக்கிறபடியால் 65 எண்டு எழுதிறன்" எண்டு சொல்லிப்போட்டு ஒபிசர் ரிக்கெற்றைத் தந்தார். மொத்தம் 52 டொலர் 50 சதம். டிமெரிட் பொயின்ற் (லைசன்சில விழுற குற்றப்புள்ளி) இல்லையாம்.

நான் 79 இல ஓடேல்லை. அந்த இடத்தில எனக்கு இடப்பக்க லேனால ஒரு கறுப்பு வான் என்னைத் தாண்டிக் கெதியாப் போனது. அதைத்தான் பிடிச்சிருக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

வீட்டில "52 டொலர்தானே, கட்டிப்போட்டு விடு" எண்டினம். வேலையிடத்தில ஒருத்தர் "கோட்டுக்குப் போ, பொலிஸ் வராது, வழக்குத் தானா வெட்டுப்படும்" எண்டார். என்ர பேரில ஒரு எழுத்தும் பிழையா எழுதியிருக்கு. அதைக் காட்டினால் ரிக்கெற் செல்லாமல் போகுமோ? 15 நாளுக்குள்ள பதில் குடுக்கவேணும் எண்டு போட்டிருக்கு, அதுதான் அவசரம்.

லொறிக்காரன் எழுதினது:

தங்கச்சி, முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. பொயின்ற் இல்லை எண்டதால பாதிப்பு இல்லை எண்டு இல்லை. 52.50 கட்டினால் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அது உங்கட ட்ரைவிங் ரெக்கோர்ட்டில குற்றப்பதிவா விழும். இன்சூரன்ஸ்காரர் பாக்கிறது அந்தப் பதிவைத்தான், பொயின்றை இல்லை. வழக்கமா மூண்டு வருசம் கணக்கெடுப்பினம். சில கம்பனி முதலாவது சின்னப் பதிவுக்குக் கூட்டாது, சிலது கூட்டும். பொயின்ற் போக்குவரத்து மினிஸ்ட்ரியின்ர கணக்கு, லைசன்சைப் பறிக்கிறதுக்கு. எங்கட ஆக்கள் இந்த ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பித்தான் 'பொயின்ற் இல்லைத்தானே' எண்டு கட்டிப்போட்டுப் பேந்து புதுப்பிக்கேக்க கவலைப்படுறது.

பொலிஸ் வராது எண்ட கதையை நம்பாதீங்கோ. அவையின்ர வழக்குகளை ஒரே நாளில சேர்த்துப் போடுறது வழக்கம், இப்ப வீடியோவிலயும் சாட்சி சொல்லினம்.

மதியழகி எழுதினது:

நான் ஒரு பரலீகல் (லோயர் இல்லாட்டியும் இப்பிடிச் சின்ன வழக்குகளில வாதாட லைசன்ஸ் உள்ளவர்) ஒபிசில வேலை செய்யிறன். உங்கட வழக்கைத் தெரியாமல் ஆலோசனை தரேலாது, ஆனால் நடைமுறையைச் சொல்லுறன்.

பேரில எழுத்துப்பிழை: எங்கட நீளமான பேருகளில இது அடிக்கடி நடக்கும். நீங்கள் கோட்டில நிண்டு அதைச் சொன்னால் நீதவான் பிழையைத் திருத்திப்போட்டு விசாரணையைத் தொடருவார். சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. அதை நம்பி ஒண்டும் செய்யாதீங்கோ.

இப்ப முக்கியமான விசயம், அந்த 79. ஒபிசர் றோட்டில குறைச்சு எழுதினது அவற்றை நல்லெண்ணம். அது உங்களுக்கு உரிமை இல்லை. விசாரணைக்குப் போனால், ப்ரொசிக்கியூற்றர் (அரச தரப்பில வழக்கை நடத்திறவர்) ரிக்கெற்றைத் திரும்ப 79 எண்டு திருத்தச் சொல்லிக் கேக்கலாம். யோர்க் பிராந்தியத்துக்கும் வின்லோ எண்டவருக்கும் இடையிலான வழக்கில 2009 இல ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. முன்கூட்டி அறிவிச்சிருக்கினமோ, உங்கட பக்கத்துக்குப் பாதிப்பு வருமோ எண்டதையும் நீதவான் பாப்பார்.

79 எண்டால் 29 கூட. 16 முதல் 29 வரைக்கும் மூண்டு டிமெரிட் பொயின்ற். காசும் மாறும். ரிக்கெற்றில இருக்கிறது கோட்டுக்கு வெளியில கட்டுற தொகை, கிலோமீற்றருக்கு 2.50 வீதம்: 15 க்கு 37.50, கோட் செலவு 5, மேல்வரி 10. நீதவான் தீர்க்கேக்க சட்டத்தில இருக்கிற வீதம் வரும். 20 இல இருந்து 29 வரை 4.50, அதாவது 29 க்கு 130.50, மேல்வரி வேற.

இன்னொண்டு. வேகக் குற்றத்தில 'எல்லாரும் அதே வேகத்திலதான் போனவை', 'போர்ட்டைக் காணேல்லை', 'அவசரம்' எண்டது ஒண்டும் எடுபடாது. ஓடினீங்களோ இல்லையோ எண்டது மட்டும்தான் கேள்வி. உங்கட வான் கதை அந்தக் கேள்விக்கே நேராப் போகுது, அதால அதுக்குப் பெறுமதி இருக்கு.

ரிக்கெற்றில மூண்டு வழி இருக்கும்: கட்டுறது, ப்ரொசிக்கியூற்றரைச் சந்திக்கிற ஏர்லி ரெசொலூஷன், நேர விசாரணை. ரெண்டாவதை எடுங்கோ. ஒத்துவராட்டி பேந்தும் விசாரணை கேக்கலாம். சும்மா மட்டும் இருந்திடாதீங்கோ. 15 நாள் போனால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி எண்டு பதிஞ்சிடுவினம்.

பனிப்பெடியன் எழுதினது:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும் அக்கா. நான் ஜீ2 (புது ஓட்டுநருக்கான ரெண்டாம் கட்ட லைசன்ஸ்). எனக்கு 32 கூட எண்டு எழுதிப்போட்டினம். கட்டிவிடலாமோ?

மதியழகி எழுதினது:

கட்டாதீங்கோ தம்பி! 30 இல இருந்து 49 வரை நாலு பொயின்ற். ஜீ1, ஜீ2 ஆக்களுக்கு நாலு பொயின்ற் குற்றம் ஒண்டு பதிஞ்சாலே முதல் தரம் 30 நாள் லைசன்ஸ் நிப்பாட்டுவினம். உங்களுக்கு 29 க்கோ அதுக்குக் கீழயோ இறக்கிறதே பெரிய வெற்றி. லைசன்ஸ் உள்ள பரலீகல் ஒருத்தரோட கதையுங்கோ. பரலீகல்மாருக்கு லைசன்ஸ் குடுக்கிற ஒன்ராறியோ லோ சொசைற்றியின்ர இணையப் பட்டியலில அவற்றை பேர் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. பிளாசாவில மேசை போட்டிருக்கிற எல்லாரும் பரலீகல் இல்லை.

வைகறை எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. ஏர்லி ரெசொலூஷன் ரெலிபோனில முடிஞ்சுது. ஒபிசரின்ர குறிப்பை ப்ரொசிக்கியூற்றர் வாசிச்சுக் காட்டினவர்: வலப்பக்க லேன், சாம்பல் கார், 79. வானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 10 கூட எண்டு ஒப்புக்கொண்டால் அத்தோட முடிக்கலாம் எண்டார். இல்லாட்டி விசாரணையில 79 க்குத் திருத்தக் கேப்பாராம். 10 எண்டாலும் குற்றப்பதிவுதானே எண்டு கேட்டன், ஓம் எண்டார்.

நான் ஓடாத வேகத்துக்கு ஒப்புக்கொள்ள மனம் வரேல்லை. விசாரணை கேட்டிருக்கிறன்.

லொறிக்காரன் எழுதினது:

நான் எண்டால் 10 ஐ எடுத்திருப்பன். மூண்டு பொயின்ற் வாற பயம் சின்ன விசயம் இல்லை. ஆனால் நீங்கள் ஓடேல்லை எண்டு உறுதியாச் சொல்லேக்க நான் என்னத்தைச் சொல்ல. இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாத்தனீங்களோ? முதல் பதிவுக்குக் கூட்டுவினமோ எண்டு அதில தேடுங்கோ.

மதியழகி எழுதினது:

முடிவெடுத்தாச்சு எண்டால் ஒழுங்கா ஆயத்தப்படுத்துங்கோ. விசாரணைத் திகதி வந்தவுடன ப்ரொசிக்கியூற்றர் ஒபிசுக்கு எழுத்தில டிஸ்குளோசர் (அவையிட்ட இருக்கிற ஆதாரங்களின்ர கொப்பி) கேளுங்கோ: ஒபிசரின்ர முழுக் குறிப்பு, லேசர் கருவியின்ர பேரும் மொடலும், அதைச் சோதிக்கிற முறை இருக்கிற கையேட்டுப் பக்கம், வீடியோ இருந்தால் அது. கையெழுத்து வாசிக்கேலாட்டி தட்டச்சு செய்து தரக் கேக்கலாம். வராட்டித் திரும்பவும் எழுத்தில கேளுங்கோ, கொப்பியை வைச்சிருங்கோ.

குறிப்பில ரெண்டு இடத்தைத் தேடுங்கோ. வேலை தொடங்க முதலும் முடிஞ்ச பிறகும் கருவியைச் சோதிச்சவரோ? உங்கட காரை எவ்வளவு தூரத்தில வைச்சுக் குறிவைச்சவர்? லேசர் ஒரு வாகனத்தைக் குறிவைக்கிற கருவிதான், அதால 'மற்ற வாகனம்' எண்டு பொதுவாச் சொன்னால் ஒபிசர் இலகுவா மறுப்பார். தூரம், லேன், அந்த நேரம் றோட்டில எத்தினை வாகனம், கறுப்பு வானைக் கண்டவரோ எண்டு ஒவ்வொண்டாக் கேளுங்கோ. வாதாடாதீங்கோ, கேள்வி மட்டும் கேளுங்கோ.

அதோட, காரில அம்மா இருந்தவ எண்டு நீங்கள் முதல் பதிவிலயே எழுதியிருக்கிறீங்கள். அவ வானைக் கண்டவவோ?

வைகறை எழுதினது:

கண்டவ. "உதென்ன இப்பிடிப் பறக்கிறான்" எண்டு அப்பவே பேசினவ. ஆனால் அம்மாவுக்கு இங்கிலிஸ் ஓடாது, அதால சாட்சி எண்டு யோசிக்கவே இல்லை.

மதியழகி எழுதினது:

அது தடையே இல்லை. கோட்டில தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, காசு இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லவேணும், அண்டைக்குப் போய்க் கேட்டால் வழக்கு இன்னொரு நாளைக்குத் தள்ளுப்படும். பிள்ளைகள் மொழிபெயர்க்க விடமாட்டினம்.

அம்மா கண்டதை இப்பவே அவவின்ர சொல்லிலயே தமிழில எழுதி வைக்கச் சொல்லுங்கோ: எந்த லேன், எந்த நிறம், மறிக்க எவ்வளவு நேரத்துக்கு முதல். நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லிக்குடுக்காதீங்கோ, ப்ரொசிக்கியூற்றர் கட்டாயம் அதைக் கேப்பார். நீங்கள் சாட்சி சொல்லேக்க அம்மாவை வெளியில இருக்கச் சொல்லலாம், அவவுக்கு அதை முதலே விளங்கப்படுத்துங்கோ, பயப்படாமல் இருப்பா. டிஸ்குளோசர் வந்தவுடன இங்க எழுதுங்கோ, சேர்ந்து பாப்பம்.