டெக்குக்கு சீடரா, கொம்பொசிட்டா?

ஸ்காபரோ வீட்டுக்காரி:
வணக்கம். பின்வளவில் பழைய டெக் (மரப்பலகைத் தளம்) உக்கிப்போய்விட்டது. 12க்கு 16 அடியில் புதிதாகப் போடப்போகிறோம். தெற்குப் பார்த்த பக்கம், நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. இவர் செயற்கைப் பலகையான கொம்பொசிட்தான் என்று நிற்கிறார், வருடாவருடம் எண்ணெய் பூச வேண்டாமாம். எனக்கு சீடர் மரத்தின் மணம் பிடிக்கும். அம்மா வெறுங்காலோடுதான் திரிவார், மிளகாய் காயப்போடுவதும் அங்கேதான். கோடையில் நண்டுக்கறியும் வெளியே காய்ச்சுவோம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கம் அண்ணை:
தங்கச்சி, கடைக்குள் வைத்து நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து மத்தியான வெயிலில் போட்டுவிட்டு, அம்மாவைக் கால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பொசிட் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கடும் நிறமென்றால் ஜூலையில் கால் வைக்க ஏலாது. வெளிர் நிறம் கொஞ்சம் பரவாயில்லை.

சீடர் அந்தளவு சுடாது. ஆனால் மெத்தென்ற மரம், கதிரையை இழுத்தாலே கோடு விழும். எண்ணெய் பூசாவிட்டால் சாம்பல் நிறமாகும். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும், அப்படியே விட்டிருக்கிறேன். கறியில் மஞ்சள் கறைக்குப் பயப்படாதீர்கள், வெயிலில் மங்கிவிடும். எண்ணெய்தான் கரைச்சல். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கொம்பொசிட்டில் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கலாம், சீடர் குடித்துவிடும்.

எந்தப் பலகை போட்டாலும் அடிச்சட்டம் பிரஷர் ட்ரீட் பண்ணின, அதாவது உக்காமலிருக்க அழுத்தி மருந்து ஏற்றின மரமாகத்தான் இருக்கும். காசை அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த மரத்தில் செம்பு மருந்து ஏற்றியிருப்பதால் சாதாரண ஆணி அரித்துப்போகும், தடிப்பாகக் கல்வனைஸ் பண்ணினதோ ஸ்டெயின்லஸோ கேளுங்கள். டொரொண்டோப் பக்கம் தூண்களுக்கு 4 அடி ஆழம் தோண்ட வேண்டும். குறைந்தால் நிலம் உறையும்போது டெக்கையே தூக்கிவிடும்.

பிரம்டன் தம்பி:
அக்கா, பழைய டெக் 2004க்கு முந்தியதா? 2003 முடியும்வரை வீட்டுப் பாவனைக்கு வந்த ட்ரீட் பண்ணின மரத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. கழற்றும் பலகையை எரிக்க வேண்டாம். நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமென்றால் நகரசபையிடம் பெர்மிட்டும் எடுக்க வேண்டும்.

ஸ்காபரோ வீட்டுக்காரி:
நன்றி அண்ணை, தம்பி. வீடு வாங்கும்போதே டெக் பழசு, அதனால் எரிக்கமாட்டோம். உயரம் 30 அங்குலம் வருகிறது, பெர்மிட்டுக்குப் போடுகிறோம். நடக்கிற இடத்துக்கு சீடர், அடுப்பு வைக்கிற மூலையை டெக்கோடு சேர்க்காமல் கீழே கல் பதிப்போம் என்றேன். இவரும் சரி என்றுவிட்டார்.