1,92,000 கி.மீ. ஓடிய சொகுசு எஸ்யூவி: ஏற்காடு மலைப்பாதையை நம்பி ஏற எதை முதலில் மாற்றுவது?

அஸ்தம்பட்டிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டின் ஜெர்மானிய எஸ்யூவி ஒன்று உள்ளது. மூன்று லிட்டர் வி6 டீசல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன். பழைய வண்டியாக வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டம் 1,92,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை ஏற்காட்டில் இருக்கும் மாமனாரின் காப்பித் தோட்டத்துக்குச் சென்று மறுநாள் இறங்குவேன். மற்ற நாட்களில் சேலத்துக்குள் சிறு ஓட்டம்தான்.

இதுவரை வண்டி வழியில் நின்றதில்லை. நிற்கும் முன்பே செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் முழுப் பரிசோதனைக்கு விட்டேன். நான்கு ஏர் ஸ்பிரிங்குகள் (ஏர் சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்), அவற்றுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸர், முன்னும் பின்னும் பிரேக் டிஸ்க்குகளும் பேடுகளும், இன்ஜின் மவுண்டுகள் என நீண்ட பட்டியலுடன் நாலரை லட்சம் ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை இன்று விற்றால் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

நானாகக் கவனித்தவை மூன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) அரை லிட்டர் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. ஏற்காட்டில் குளிரான காலைகளில் இடது முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. சென்ற மாதம் மலை இறங்கி அடிவாரத்தை அடைந்தபோது பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போயிற்று. தேநீர் குடித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து எடுத்தபோது பழையபடி கெட்டியாக இருந்தது. இவற்றில் எதை முதலில் கவனிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஐந்து ரோடு மெக்கானிக்

ஐயா, மூன்றாவதாகச் சொன்னதைத் தாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பதில் சொல்லும் முன் இரண்டு விவரம் தேவை: இறங்கும்போது கியர் லீவர் எந்த நிலையில் இருந்தது? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?

அஸ்தம்பட்டிக்காரர்

லீவர் ‘டி’யில்தான் இருந்தது. பிரேக் ஆயில் மாற்றியதாக என்னிடம் உள்ள எந்த பில்லிலும் இல்லை. எஸ்டிமேட்டிலும் அது இல்லை.

ஐந்து ரோடு மெக்கானிக்

அப்படியானால் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களுடன் சேர்த்து 2,200 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் வருகிறது. அதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘டி’யில் விட்டால் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடுவதால், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறத்தாழ முழுச் சுமையும் பிரேக் டிஸ்க்குகளின் தலையில் விழுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஆனால் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் சூடாகி, அதற்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், நீங்கள் மிதிப்பது ஆயிலை அல்ல, குமிழை. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் திரும்பிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்பதே என் கணிப்பு. பேடு மட்டும் சூடேறிப் பிடிமானம் இழந்திருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்திருக்கும், வண்டிதான் நின்றிருக்காது.

எனவே அடுத்த பயணத்துக்கு முன் பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றி, ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ உப்பலோ உண்டா என்று பாருங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவைத் தொட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். இறங்கும்போது மேனுவல் நிலையில் இரண்டாம் கியரில் வையுங்கள். டீசல் இன்ஜின் சத்தம் கூடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கொட்டச்சேடு தோட்டக்காரர்

குப்பனூர் வழியாக ஏறி இறங்குபவன் என்ற முறையில் கூலண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இவ்வகை வண்டிகள் பலவற்றில் அந்த முள் உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை; 80 பாகையிலிருந்து 105 வரை சென்றாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கணினி தரும் அளவுகளைப் படிக்கும் கருவி) செருகி, ஏறும்போது அருகில் இருப்பவரை எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். தரையில் சொட்டு விழாததும் ஆறுதல் அல்ல, அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். தட்டைக் கழற்றி வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் உறை, ஹோஸ் இணைப்புகள் ஆகிய இடங்களில் உலர்ந்த உப்புப் படிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

குறைந்ததை எதனால் நிரப்பினீர்கள்? சேலத்து போர் தண்ணீர் என்ன செய்யும் என்பது வீட்டு கீசரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூலண்டின் நிறத்தை நம்பி வேறு வகையைக் கலப்பதும் தவறு. நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, கையேட்டிலுள்ள தரக் குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். டேங்க் மூடியையும் மாற்றிவிடுங்கள். ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும்; அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி தளர்ந்தால் மலை உச்சியில்தான் பொங்கும். சூடாக இருக்கையில் அதைத் திறக்க வேண்டாம்.

ஐந்து ரோடு மெக்கானிக்

தோட்டக்கார ஐயா சொன்னது சரி. கியர்பாக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: ஆயில் ஆயுள் முழுமைக்கும் போதும் என்று விற்பனையின்போது சொல்வார்கள். ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் தாமதமாக மாற்றியவர்களின் கதையிலிருந்து வந்தது. இயந்திரம் வைத்து அழுத்தித் தள்ளும் முறை வேண்டாம். வடித்து, ஃபில்டர் மாற்றி, தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் இன்ஜினை ஓடவிட்டு அளவு பார்த்தால் போதும்.

ஏர் சஸ்பென்ஷன் அவசரமில்லை, ஆனால் மறந்துவிடக் கூடாது. கசியும் காற்றுப் பையை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் கம்ப்ரஸர் சாகிறது. இரவில் நிறுத்தியதும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து, காலையில் மீண்டும் அளந்து எழுதுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வடித்த பிரேக் ஆயில் பில்டர் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. முன் டிஸ்க்குகள் குறைந்தபட்ச அளவைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம். அடித்தட்டைக் கழற்றியதும் வாட்டர் பம்புக்குக் கீழே இளஞ்சிவப்பு உப்புப் படிந்திருந்தது; பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், டேங்க் மூடி நான்கையும் ஒரே வேலையாக மாற்றினோம். கியர்பாக்ஸ் ஆயிலும் முடிந்தது. மொத்தச் செலவு எஸ்டிமேட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

நேற்று இரண்டாம் கியரில் இறங்கினேன். அடிவாரத்தில் பெடல் கெட்டியாக இருந்தது. டேப் அளவில் இடது முன்பக்கம் ஓரிரவில் 24 மில்லிமீட்டர் இறங்குகிறது, மற்ற மூன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அந்த ஒரு பையை மட்டும் மாற்றலாமா?

ஐந்து ரோடு மெக்கானிக்

மாற்றும் முன் சோப்பு நீரைத் தெளித்து, கசிவு பையிலா மேலுள்ள குழாய் இணைப்பிலா என்று பாருங்கள். இணைப்பென்றால் சிறு செலவில் முடியும். பைதான் என்றால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், வலதும் அதே வயதுதான். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் ரிலேவையும் அப்போதே புதிதாகப் போடச் சொல்லுங்கள்; அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும்.