ஐதரசன் கார் திருகோணமலை வீதிகளுக்குப் பொருந்துமா?

கேள்வி: உவர்மலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, ஜப்பானில் பாவித்த கார்களின் ஏல விபரங்களைப் பார்த்து வருகிறேன். அவற்றுள் ஐதரசனில் ஓடும் டொயோட்டா மிராய், அதன் தரத்தோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த விலைக்குப் போவது என் கவனத்தை ஈர்த்தது. 2022இல் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற எவருக்கும், எண்ணெய்க் கப்பலை எதிர்பார்க்காத ஒரு வாகனத்தின் மீது ஆசை எழத்தான் செய்யும். நம்மைச் சுற்றிக் கடல் இருக்கிறது. சம்பூரில் சூரிய மின் நிலையம் அமைகிறது. இவ்விரண்டையும் கொண்டு வேண்டிய ஐதரசனை நாமே தயாரித்துக்கொள்ள இயலாதா? இந்தக் கார் ஐதரசனை எரித்து ஓடுகிறதா, வேறு வழியில் இயங்குகிறதா? அதிலிருந்து நீர் மட்டுமே வெளியேறும் என்பது முழு உண்மையா? துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மூதூர் இரசாயன ஆசிரியர்

ஐயா, மிராயில் எதுவும் எரிவதில்லை. அது ஒரு மின்சாரக் கார். சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டர்தான். மோட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை ஓடும்போதே எரிபொருட்கலத்தில் உற்பத்தி செய்துகொள்வதுதான் அதன் தனித்தன்மை. இத்தத்துவம் பழையது, ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்னோட்டம் பெறலாம் என்பதை வில்லியம் குரோவ் 1839இலேயே காட்டிவிட்டார்.

கலத்தின் நடுவில் மெல்லிய பல்பகுதிய மென்சவ்வு ஒன்றும், அதன் இரு பக்கங்களிலும் பிளாற்றினம் கலந்த மின்வாய்களும் உள்ளன. ஒரு பக்கத்துக்குத் தாங்கியிலிருந்து ஐதரசனும் மறுபக்கத்துக்கு வெளிக்காற்றும் வருகின்றன. பிளாற்றினத்தின் மேற்பரப்பில் ஐதரசன் மூலக்கூறு புரோத்தன்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிகிறது. மென்சவ்வு புரோத்தன்களை ஊடுசெல்ல விட்டு இலத்திரன்களைத் தடுத்துவிடுவதால், அவை வெளிச்சுற்றின் வழியே, மோட்டரை இயக்கியபடி மறுபக்கம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அங்கே புரோத்தன்களும் இலத்திரன்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடி நீராகின்றன. சுமையுடன் இயங்கும் ஒரு கலம் 0.6 முதல் 0.7 வோல்ற் வரையே தரும் என்பதால், இரண்டாம் தலைமுறை மிராயில் 330 கலங்களை அடுக்கியிருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் சக்தியைச் சேமிக்கவும், திடீரென வேகமெடுக்கும்போது துணை செய்யவும் சிறிய பற்றரி ஒன்றும் உண்டு.

ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் நீர் வெளியேறும். காபனீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெளியேறுவதில்லை. எனவே காரின் குழாயைப் பொறுத்தவரை நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் இன்று உலகில் உற்பத்தியாகும் ஐதரசனின் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே வருகிறது. எரிவாயுவை நீராவியுடன் தாக்கமுறச் செய்து ஒரு கிலோகிராம் ஐதரசன் எடுக்கும்போது 9 முதல் 10 கிலோகிராம் வரை காபனீரொட்சைட்டு வெளியாகிறது. அந்த ஒரு கிலோகிராமில் மிராய் 110 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், கிலோமீற்றருக்கு 80 முதல் 90 கிராம் ஆகிறது. நூறு கிலோமீற்றருக்கு 4 லீற்றர் பெற்றோல் குடிக்கும் சாதாரண ஹைபிரிட் காரும் ஏறத்தாழ அவ்வளவுதான் வெளியிடுகிறது. ஐதரசன் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அந்தக் காரைத் தூய்மையானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடல்நீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே மின்பகுப்புச் செய்தால், அதாவது மின்சாரம் பாய்ச்சி ஐதரசனைப் பிரித்தெடுத்தால், உப்பிலுள்ள குளோரைட்டிலிருந்து குளோரின் வெளிவரும், உபகரணமும் அரித்துப்போகும். முதலில் உப்பகற்றித் தூய்மைப்படுத்த வேண்டும். அதற்கான செலவு ஒப்பீட்டளவில் சிறியது; மின்பகுப்புக்கான மின்சாரமே பெரிய செலவு.

பதில்: சீனக்குடா மின் பொறியியலாளர்

ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனெனில் நம் மாவட்டத்துக்கு உண்மையாகவே முக்கியமான கேள்வி அதுதான். ஒரு கிலோகிராம் ஐதரசனை மின்பகுப்பில் பெற 50 முதல் 55 அலகு மின்சாரம் தேவை. அதை மிராயின் தாங்கிக்கேற்ப 700 பார் (வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 700 மடங்கு) அமுக்கத்துக்கு ஏற்றுவதற்கும் குளிர்விப்பதற்கும் ஆகும் மின்சாரத்தைச் சேர்த்தால் 60 அலகை நெருங்கிவிடும். அந்த 60 அலகில் ஐதரசன் கார் 110 கிலோமீற்றர் போகும். அதே 60 அலகை நேரடியாகப் பற்றரிக் காருக்கு ஏற்றினால், அது 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். உவர்மலையிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் மிச்சம் இருக்கும்.

சம்பூரில் 2016இல் நிலக்கரி மின் நிலையத் திட்டம் கைவிடப்பட்டது பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான். அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் வேலைகள் 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டன. அவ்வளவு பாடுபட்டுப் பெறும் மின்சாரத்தில் பெரும்பகுதியை உருமாற்றத்திலேயே இழப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. அது முதலில் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் போகட்டும். கார்களுக்கு ஐதரசனாக அல்லாமல் நேரடி மின்சாரமாகவே போகட்டும்.

உவர்மலை வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதல்லவா? வீணாகும் அந்த மின்சாரத்தில் ஐதரசன் தயாரித்தால், 60 அலகு செலவு என்ற கணக்கு பொருட்படுத்தத் தக்கதா?

பதில்: சீனக்குடா மின் பொறியியலாளர்

நல்ல கேள்வி. ஆனால் மின்பகுப்புக் கருவி விலை மிகுந்தது. ஆண்டில் சில நாட்களின் மிகை மின்சாரத்துக்காக அதை வாங்கி ஏனைய நாட்களில் சும்மா வைத்திருந்தால், ஒவ்வொரு கிலோகிராமின் விலையும் தாங்க முடியாதபடி உயர்ந்துவிடும். நண்பகல் மிகையை மாலைக்குக் கொண்டுபோகப் பற்றரிச் சேமிப்பும் நீரை மேலேற்றிச் சேமிக்கும் முறையும் போதுமானவை. பல வாரங்களுக்குச் சேமிக்க வேண்டிய நிலை வரும்போது ஐதரசனைப் பற்றிப் பேசலாம்.

பதில்: கிண்ணியா கராஜ்காரர்

வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள் அண்ணா. காபன் நார் சுற்றிய அந்தத் தாங்கிகள் உறுதியானவை. தீப்பிடித்தால் வாயுவைக் கட்டுப்பாட்டுடன் வெளிவிடும் வால்வும் உண்டு. ஆனால் ஜப்பானியச் சட்டப்படி அவற்றின் பாவனைக் காலம் 15 ஆண்டுதான். முதல் தலைமுறைக் கார் 2014 இறுதியில் விற்பனைக்கு வந்ததால், பழைய கார்களின் தாங்கிகளுக்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு. ஐதரசனுக்கு மணம் இல்லை, சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே தீப்பற்றும். சமையல் எரிவாயுவுக்குச் செய்வதுபோல் மணமூட்டினால் பிளாற்றினம் கெட்டுவிடும் என்பதால், உணரிகளும் கூரைக் காற்றோட்டமும் இல்லாத கராஜில் இதைத் திறக்கவே கூடாது. நிரப்ப நம் பக்கத்தில் நிலையமும் இல்லை. ஜப்பானிலேயே நிரப்பும் இடங்கள் குறைவு என்பதுதான் அந்த ஏல விலை குறைவாக இருப்பதன் பெரும் காரணம்.

பதில்: மூதூர் இரசாயன ஆசிரியர்

கார் வேண்டாம் என்பதால் ஐதரசனே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பற்றரியால் சமாளிக்க இயலாத இடம் நெடுங்கடல் கப்பல். நம்மிடம் இருப்பதோ உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஐதரசனை நைதரசனுடன் சேர்த்து, கப்பலுக்கு எரிபொருளாகக்கூடிய அமோனியாவாக்கினால், அது -33 பாகை செல்சியஸிலேயே திரவமாகிவிடும். ஐதரசனைத் திரவமாக்க -253 பாகை வேண்டும். அமோனியா யூரியாவுக்கும் மூலப்பொருள் என்பதால், 2021இல் இரசாயன உரத்தடையால் அல்லலுற்ற நம் விவசாயிகளுக்கும் இது தொலைவான செய்தியன்று. ஆனால் அமோனியா நச்சு வாயு. சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளில் அதை வைக்க இயலாது. குளிரூட்டிய தனித் தாங்கிகளை, குடியிருப்புகளிலிருந்தும் மீனவர் படகுகள் நிற்கும் கரைகளிலிருந்தும் எவ்வளவு தூரத்தில் அமைப்பது என்பதைக் கிண்ணியா, மூதூர் மக்களிடம் கேட்ட பின்னரே எந்தத் திட்டமும் வரைபடத்துக்கு வர வேண்டும்.