புதுப்பிப்பு: எட்டு வயது மகளிடம் உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது

எட்டு வயது மகளிடம் உடல் பாதுகாப்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும், எதிரே உட்காரவைத்துப் பேசியபோது தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக எண்ணி அவள் அழுதுவிட்டாள் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஏதேனும் வேலையினூடே பேசச் சொன்ன யோசனைதான். தலைவாரிப் பின்னும்போது, உறுப்புகளின் பெயர்களைக் கை, கால் என்பதைப் போலவே இயல்பாகச் சொல்லி, உள்ளாடை மறைக்கும் இடங்களைப் பிறர் தொடவோ படமெடுக்கவோ கூடாது என்றும், "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் எங்களிடம் சொல்லலாம், திட்ட மாட்டோம் என்றும் விளக்கினேன்.

"நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்ற சொற்கள் மட்டும் குழப்பின. வலிப்பதால் ஊசி போடுவது கெட்ட தொடுதலா என்று பாதிப் பின்னலில் திரும்பிக் கேட்டாள்! "பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது" என்று மாற்றி, மருத்துவர் பரிசோதிக்கும்போது நாங்கள் உடனிருப்போம் என்றதும் தெளிந்தாள்.

எதிர்பாராதது, முத்தம் கேட்ட உறவினரிடம் அவள் "வேண்டாம் மாமா" என்றது. மாமியார் முகம் சுளித்தாலும் நாங்கள் அவள் பக்கமே நின்றோம். இப்போது வணக்கம் சொல்கிறாள்.

அவளுடைய அண்ணனிடமும் பேசச் சொன்னது சரியே. குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ இருவரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.