புதுப்பிப்பு: ஹின்டர்கைஃபெக் கதை என்ன ஆனது?

போன வாரம் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து ஹின்டர்கைஃபெக் பண்ணைக் கொலைகளைப் பற்றி எழுதிவிட்டு, "இதை வைத்து ஒரு த்ரில்லர் எழுதுகிறேன், அந்நியனை எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது?" என்று கேட்டிருந்தேன். கூலியாளாக வரட்டும், தூரத்துச் சொந்தமாக வரட்டும் என்றீர்கள். நன்றி. ஆனால் முடிவை மாற்றிவிட்டேன். அவன் கதவைத் தட்டவே போவதில்லை.

நிஜத்திலும் அப்படித்தானே? 1922 மார்ச் கடைசி. காட்டிலிருந்து பண்ணை வரை பனியில் காலடித் தடம். திரும்பிப் போன தடம் இல்லை. பரணில் சத்தம். ஒரு சாவியைக் காணோம். பண்ணைக் குடும்பத்தின் பெரியவர் அக்கம்பக்கத்தில் சொன்னார், போலீஸுக்குப் போகவில்லை. மார்ச் 31 அன்று ஆறு பேரைக் கொன்றார்கள், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பணிப்பெண் உட்பட. உடல்களைக் கண்டது ஏப்ரல் 4. இடையில் யாரோ மாடுகளுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள், புகைபோக்கியில் புகை வந்திருக்கிறது. என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தத் தீனிதான்.

ஒரு திருத்தம்: கொள்ளைக்காகக் கொன்றார்கள் என்று எழுதியது தவறு. வீட்டில் பெரிய தொகை எடுக்கப்படாமல் இருந்தது. நிஜக் குடும்பம் வசதியானது. கடனில் தத்தளிப்பது என் கதைக் குடும்பம் மட்டும். 

சரி, முதல் அத்தியாயம் முடிந்தது. விடியற்காலையில் பால் கறக்கப் போகும் மகள், தொட்டியில் ஏற்கெனவே வைக்கோல் கிடப்பதைப் பார்க்கிறாள்.