புதுப்பிப்பு: கர்ப்பப்பை எடுத்த பின் ஹார்மோன் மாற்றம்

கர்ப்பப்பையோடு சினைப்பையும் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள் என முன்பு எழுதியிருந்தேன். எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். "டிஏஎச் + பிஎஸ்ஓ" (TAH + BSO: வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும், கூடவே இரு பக்கக் கருக்குழாய்கள், சினைப்பைகளையும் எடுப்பது) என்றிருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. பிஎஸ்ஓ இல்லாமல் வெறும் "பிஎஸ்" (BS) என்றால் கர்ப்பப்பையோடு கருக்குழாய்கள் மட்டும்தான் போயின, சினைப்பைகள் இருக்கின்றன. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு சினைப்பைகளும் போயிருந்தால் சில நாட்களிலேயே திடீர்ச் சூடும் இரவு வியர்வையும் தொடங்கலாம். 45 வயதுக்குள் என்றால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாத பட்சத்தில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான சுமார் 51 வரை, சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மருந்தாக எடுப்பதே நல்லது. எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. "சூடு தாங்கிக்கலாம்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பை இல்லாததால் அதன் உட்சவ்வைக் காக்கச் சேர்க்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பொதுவாக வேண்டாம்; எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களுக்குச் சில சமயம் சேர்த்துத் தருவார்கள். ரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைவிட, தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பேட்ச்சோ பாதுகாப்பு.

பிறப்புறுப்பு வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம்: பெரும்பாலும் முதல் 2 வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் 2 முறை. சரியானதும் நிறுத்தினால் வறட்சி திரும்பிவிடும். உள்தையல் ஆறிவிட்டதா என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள்.