நின்று வேலை பார்க்கும் மேசையை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா?

கேள்வி: ஆபீஸில் உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை வந்த புதிதில் ஆளாளுக்குப் பட்டனை அழுத்தி நின்றோம். இப்போது என் வரிசையில் எல்லாம் கீழேதான் கிடக்கின்றன. உங்கள் பக்கம் எப்படி?

பதில் 1: போன் மீட்டிங்கில் நிற்பேன். எக்செல் என்றால் உட்கார்ந்தே ஆகணும். முழங்கை மட்டத்துக்கு மேசையை ஏற்றி, அந்த உயரத்தை மெமரி பட்டனில் பதிந்துவிடுங்கள். தினமும் அளவு தேடினால் சலித்துப்போகும்.

பதில் 2: இங்கிலாந்தில் லெஸ்டர் மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மேசையோடு ஆலோசனையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்தும் அவை கிடைக்காதவர்களைவிட வேலை நாளில் சுமார் 83 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். மேசையை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனால் துண்டு காயப்போடத்தான் ஆகும்.

கேட்டவர்: எங்களுக்கு மேனுவல்கூடத் தரவில்லை சார்! அப்புறம், நின்றால் தொப்பை குறையுமா?

பதில் 2: மணிக்கு ஒன்பது கலோரி போலத்தான் கூடுதலாகச் செலவாகும். ஒரு மேரி பிஸ்கட்டுக்கே மூன்று மணி நேரம் நிற்கணும்.